எங்கள் வீட்டுப் போத்தல் கப்பலின் வயது

எங்கள் குடும்பத்தில் தலைமுறை கடந்து வந்த பொருள் என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மூன்று பக்கமும் உள்வாங்கிக் குழிந்த ஒரு கண்ணாடிப் போத்தல். அதற்குள் நீலக் கடலின் மீது எல்லாப் பாய்களையும் விரித்தபடி நிற்கும், நான்கு பாய்மரங்கள் கொண்ட ஒரு கப்பல். என் தாய்வழித் தாத்தா இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பெரிய துரையின் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, வேலை பார்த்தவர். கடைசி வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுப் போகும்போது அவருக்குக் கொடுத்துச் சென்ற சாமான்களில் இதுவும் ஒன்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு மாறிய அந்தக் காலத்தில், மலையகத்துப் பங்களாக்கள் பலவற்றிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்கள் இப்படி லயங்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, இறங்கி வந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் பிள்ளைகளையும் அடுப்பையும் வைத்துக்கொண்டு ஒரு கண்ணாடிப் பொருளை உடையாமல் காப்பாற்றுவது எளிய காரியமன்று. தாத்தா அதைப் பழைய கம்பளியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அவருக்குப் பின் அம்மாவும் அப்படியே வைத்திருந்து, இப்போது என்னிடம் தந்திருக்கிறார்.

பொருளோடு ஒரு கதையும் வந்தது. பெரிய மாமா அதை இன்றும் மாற்றாமல் சொல்வார்: “துரை வாயாலயே சொன்னாரு தம்பி, இருநூறு வருஷத்துச் சாமானாம். கட்டி சார்க்குன்னு அந்தக் கப்பலுக்குப் பேராம்.” கதையை மதித்துத்தான் நான் இந்தத் தேடலைத் தொடங்கினேன். எழுத்துச் சான்றுகள் குறைந்த எங்களைப் போன்ற குடும்பங்களில் வாய்மொழியும் ஒரு சான்றுதான். ஆனால் சான்று என்றால் அதைச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

போத்தல் கப்பல் ஒன்றுக்கு மூன்று காலங்கள் உண்டு. போத்தல் செய்யப்பட்ட காலம் ஒன்று. அதற்குள் காட்டப்படும் கப்பல் வகை உண்மையாகவே கடலில் ஓடிய காலம் இன்னொன்று. யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தக் கப்பலைச் செதுக்கி உள்ளே ஏற்றிய காலம் மூன்றாவது. பொருளின் வயது என்று நாம் கேட்பது இந்த மூன்றாவதைத்தான். முதல் இரண்டும் அதற்கு எல்லை கட்டுபவை. 1869 ஆம் ஆண்டின் கப்பலை 1969 இலும் ஒருவர் செதுக்கலாம். பழைய போத்தலைத் தேடியெடுத்துப் புதிய கப்பலை உள்ளே வைக்கலாம். ஆகவே, பொருளில் ஆரம்பத்திலிருந்தே இருக்கும் பாகங்களுள் மிகப் பிந்தியது எதுவோ, அதைவிடப் பொருள் பழையதாக இருக்க முடியாது என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாகப் பார்த்தேன்.

இருநூறு வருடம் என்பது அடியோடு நடவாத ஒன்றன்று. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய போத்தல் கப்பல்களுள் ஒன்றான ஜியோவானி பியோண்டோவின் வேலை 1784 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அது ஜேர்மனியின் லூபெக் நகரில் இருக்கிறது. ஆனால் அத்தகையவை மிக அரிதானவை. மாலுமிகளின் கைவேலையாக இது பரவலானது 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்கு முந்திய போத்தல்கள் பெரும்பாலும் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தன. உள்ளே என்ன வைத்தாலும் சரியாகத் தெரியாது. தெளிவான கண்ணாடிப் போத்தல் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே, மாதக்கணக்கில் நீண்ட பயணங்களில் காவல்முறை இல்லாத நேரத்தில் கையில் கத்தியும் நூலும் வைத்திருந்த மாலுமிகளுக்கு இது ஒரு நல்ல பொழுதுபோக்காயிற்று.

முதலில் கண்ணாடி. போத்தல் கப்பலின் காலத்தைக் கணிப்பதில் அதிகம் பேசுவது இதுதான், ஆனால் பலர் உள்ளே இருக்கும் கப்பலின் அழகில் மயங்கி இதைப் பார்ப்பதே இல்லை. வாயால் ஊதிச் செய்த பழைய போத்தல்களின் அடியில், கண்ணாடியைத் தாங்கிப் பிடித்த இரும்புக் கம்பியை உடைத்தெடுத்த தழும்பு கரடுமுரடாக இருக்கும்; ஏறத்தாழ 1860களுக்குப் பின் சாதாரண போத்தல்களில் இது அருகிவிடுகிறது. அடுத்த காலத்துப் போத்தல்கள் அச்சுக்குள் ஊதப்பட்டவை. அச்சின் இரு பாதிகளும் சேருமிடத்துத் தையற்கோடு பக்கவாட்டில் மேலேறிவந்து, கழுத்தில் எங்கோ ஓரிடத்தில் மறைந்துவிடும். வாய்விளிம்பைத் தொழிலாளி தனியாகக் கருவி கொண்டு உருட்டி முடித்ததால் அந்த இடத்தில் கோடு அழிந்துபோனது. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903 இல் முழுத் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. வாய்விளிம்பும் அச்சுக்குள்ளேயே உருவானதால், தையற்கோடு கழுத்தைக் கடந்து விளிம்பின் மேலேயே ஏறிச் செல்லும். அவ்வியந்திரத்தில் செய்தவற்றின் அடியில், மையத்தைவிட்டுச் சற்று விலகி, ஒழுங்கற்ற வட்டத் தழும்பொன்றும் பெரும்பாலும் காணப்படும்.

எங்கள் போத்தலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரல் நகத்தை மெதுவாகக் கழுத்தின் வழியே நகர்த்திப் பார்த்தேன். கோடு நகத்தில் தட்டியது. தக்கை வெளியே தெரியும் வாய்விளிம்பின் மேல்வரை அறுபடாமல் சென்றது. ஆகவே இது இயந்திரப் போத்தல். பிரித்தானியாவில் இத்தகைய இயந்திரங்கள் பரவ மேலும் சில ஆண்டுகள் பிடித்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 1910 ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கு முன் இந்தப் போத்தலை வைக்க இடமில்லை. இருநூறு வருடக் கதை இந்த ஒரு கோட்டோடு முடிந்துவிடுகிறது.

மூன்று பக்கமும் குழிந்த வடிவம் ஸ்கொட்லாந்தின் ஹெய்க் நிறுவனத்து டிம்பிள் விஸ்கிக்கு உரியது. 1890களில் சந்தைக்கு வந்த இந்த வடிவம் போத்தல் கப்பல் செய்பவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. படுக்கவைத்தால் உருளாமல் நிற்கும், அடிப்பக்கத்து மேடு கடலைத் தாங்க வசதியாக இருக்கும். மலைநாட்டுத் துரைமார் கிளப்புகளிலும் விஸ்கிக்குக் குறைவிருக்கவில்லை. ஆனாலும் வடிவம் பல பத்தாண்டுகள் தொடர்ந்ததால் அது மட்டும் காலத்தைக் குறுக்கித் தராது. வாயில் தக்கை இருப்பதும் அப்படித்தான். விஸ்கிப் போத்தல்களுக்குத் திருகுமூடி 1920களில் வரத் தொடங்கியது என்றாலும், தக்கை போட்ட விஸ்கி அதற்குப் பிறகும் நீண்ட காலம் விற்கப்பட்டது. திருகுமரை இருந்தால் அது பிந்தியது என்று சொல்லலாம். தக்கை இருப்பதால் முந்தியது என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது கப்பல். கட்டி சார்க் 1869 இல் ஸ்கொட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்ட, சீனத் தேயிலையை இலண்டனுக்குக் கொண்டுபோன புகழ்பெற்ற கப்பல். இன்றும் கிரீனிச்சில் நிற்கிறது. அதற்கு மூன்று பாய்மரங்கள். எங்கள் கப்பலுக்கு நான்கு. இதைச் சொன்னபோது மாமா போத்தலை வாங்கி, மரங்களைத் தாமே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். தேயிலை, துரை, கப்பல் என்று மூன்றும் சேர்ந்த இடத்தில் உலகறிந்த ஒரே தேயிலைக் கப்பலின் பெயர் ஒட்டிக்கொண்டது இயல்பே. இவ்வகைப் பொருட்களில் பெயர் எழுதப்படாத கப்பல்கள் எல்லாம் காலப்போக்கில் இப்படிப் புகழ்பெற்ற பெயர்களுக்குள் ஒதுங்கிவிடுகின்றன.

பெயரை விட்டுவிட்டுப் பாய்களைப் பார்த்தால் கப்பல் நிறையச் சொல்கிறது. முதல் மூன்று மரங்களிலும் பாய்கள் குறுக்காகத் தொங்குகின்றன. நான்காவது மரத்தில் மட்டும் கப்பலின் நீளவாட்டில் பாய் கட்டியிருக்கிறது. இதுவே நான்கு மர பார்க் எனப்படும் வகை. குறைந்த ஆட்களைக் கொண்டு பெரும் பாரத்தைத் தூரதேசங்களுக்கு ஏற்றிச் செல்வதற்காக, முதலில் இரும்பாலும் பிறகு உருக்காலும் கட்டப்பட்டவை இவை. 1869 நவம்பரில் சுவெஸ் கால்வாய் திறந்த பிறகு, இந்துமாகடலின் தேயிலையையும் அஞ்சலையும் நீராவிக் கப்பல்கள் எடுத்துக்கொண்டன. பாய்மரக் கப்பல்களுக்கு மிஞ்சியது அவசரமில்லாத பாரச் சரக்கு: அவுஸ்திரேலியக் கோதுமை, சிலியின் வெடியுப்பு, நிலக்கரி. அந்தச் சரக்குக்காக 1880களிலும் 1890களிலும் இந்த நான்கு மரக் கப்பல்கள் பெருமளவில் கட்டப்பட்டன. கடைசியாக பாமிர், பாஸாட் என்ற இரண்டும் 1949 இல் அவுஸ்திரேலியத் தானியத்தோடு தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹோர்ன் முனையைச் சுற்றி வந்ததோடு அந்த வாணிபம் முடிந்தது.

குறுக்குப் பாய்களிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. பழைய கப்பல்களில் கீழ்ப்பாய்க்கு மேலுள்ள இரண்டாம் பாய் ஒரே பெரிய துண்டாக இருந்தது. காற்று மிகும்போது அதைச் சுருட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. 1850களிலிருந்து அதை இரண்டாகப் பிரித்து, இரண்டு பருமல்களில், அதாவது குறுக்கு மரங்களில், தனித்தனியே கட்டும் வழக்கம் வந்தது. அதற்கு மேலுள்ள பாயும் பின்னர் அதேபோல் பிரிக்கப்பட்டது. எங்கள் கப்பலில் இரண்டு அடுக்குகளுமே பிரிந்திருக்கின்றன. பருமல் நுனிகளிலிருந்து பின்னோக்கி வரும் நூல்களும் தத்தம் இடத்துக்கே போய்ச் சேருகின்றன. படத்தைப் பார்த்துச் செய்பவர் பாய்களின் எண்ணிக்கையைச் சரியாக வைத்துவிடுவார்; கயிறு எங்கே போகவேண்டும் என்பதில் தடுமாறுவார். இதைச் செய்தவரின் கைகள் அந்தக் கயிறுகளை இழுத்துப் பழகியவை என்றே நான் கருதுகிறேன்.

பின்பக்கத்தில், அரிசிமணி அளவில், சிவப்பு நிறக் கொடி ஒன்று இருக்கிறது. அதன் மேல்மூலையில் நீலமும் வெள்ளையும் கலந்த சிறு கட்டம். இது பிரித்தானிய வாணிபக் கப்பல்களின் கொடி. 1864 வரை அந்நாட்டுக் கடற்படையின் ஒரு பிரிவும் சிவப்புக் கொடியைப் பறக்கவிட்டது. அதன் பிறகு அது வாணிபக் கப்பல்களுக்கே உரியதாயிற்று. கொடிகள் காலம் காட்டுவதில் மிகவும் உதவுபவை. கறுப்பு, வெள்ளை, சிவப்புப் பட்டைகள் கொண்ட ஜேர்மனிய வாணிபக் கொடி என்றால் 1867க்கும் முதலாம் உலகப் போரின் முடிவுக்கும் இடைப்பட்ட காலத்தை நினைக்கலாம். அமெரிக்கக் கொடி என்றால் நட்சத்திரங்களை எண்ணலாம், 48 என்றால் 1912க்கும் 1959க்கும் இடையில். எங்கள் கொடி 1864க்குப் பின் என்பதோடு நின்றுவிடுகிறது. கண்ணாடி ஏற்கெனவே அதைவிட நெருக்கமாகச் சொல்லிவிட்டது.

கப்பல் உள்ளே எப்படிப் போயிற்று என்பதை வீட்டுக்கு வரும் எல்லோரும் கேட்கிறார்கள். காலக் கணிப்புக்கும் அது தேவை. கப்பலின் உடல் போத்தல் கழுத்தின் உட்துளையைவிட ஒடுக்கமாகச் செதுக்கப்படும். பாய்மரங்களின் அடியில் நுண்ணிய கம்பிக் கீல் வைத்து, அவை பின்னோக்கிப் படுக்கும்படி செய்வார்கள். பருமல்களை மரத்தோடு ஒட்டித் திருப்பிவிட்டால் எல்லாம் ஒரு கட்டாகச் சுருங்கும். பட்டியால், அதாவது சன்னல் கண்ணாடியைப் பதிக்கும் பசைமாவால், செய்த கடலை முதலில் உள்ளே பரப்பி, கப்பலைப் பின்பக்கம் முன்னாகச் செலுத்தி, அந்தக் கடலில் அமர்த்தியபின், அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்கு, முன்னே நீண்டிருக்கும் மரத்தின் வழியாக வெளியே விட்டிருக்கும் நூல்களை இழுத்தால் மரங்கள் எழுந்து நிற்கும். நூலை அந்த இடத்திலேயே பசை வைத்து நிறுத்தி, மிஞ்சியதை நீண்ட கம்பி முனையால் அறுத்துவிடுவார்கள். ஆகவே அணியத்து மரத்தின் அடியில் அறுத்த நூல்முனைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சிறிய டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது, எங்கள் கப்பலில் அந்த முனைகள் பசைத்துளியோடு வரிசையாகத் தெரிந்தன. சந்தையில் பழையது என்று விற்கப்படும் சில நினைவுப் பொருட்களில் இவை இருப்பதில்லை. அவற்றில் போத்தலின் அடியை வெட்டி, முழுக் கப்பலையும் உள்ளே வைத்து, மீண்டும் ஒட்டியிருப்பார்கள். அடியைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடோ, அதை மறைக்கக் கட்டிய கயிறோ காட்டிக்கொடுக்கும்.

கடல் ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த பட்டி. அது நீலமாக நிறமூட்டப்பட்டு, அலைநுனிகளில் வெள்ளை தீட்டப்பட்டிருக்கிறது. காய்ந்து சுருங்கியதில் ஓரங்களில் கண்ணாடியை விட்டு விலகி, நடுவில் வெடித்திருக்கிறது. அதிலிருந்து கிளம்பிய எண்ணெய் ஆவி மேற்புறக் கண்ணாடியின் உட்பக்கத்தில் மங்கலான படலமாகப் படிந்திருக்கிறது. கப்பலுக்கு அப்பால், வெள்ளையடித்த கலங்கரை விளக்கமொன்றும் சில வீடுகளும், முன்னே சிறிய இழுவைப் படகொன்றும் இருக்கின்றன. அந்தப் படகின் புகை பஞ்சால் ஆனது. துறைமுகத்துக்கு வந்து சேரும் கப்பலை இழுவைப் படகு எதிர்கொள்ளும் இந்தக் காட்சியை மாலுமிகள் விரும்பிச் செய்திருக்கிறார்கள்.

அறையை இருட்டாக்கி, நோட்டுகளைச் சோதிக்கும் புற ஊதா டோர்ச்சையும் பிடித்துப் பார்த்தேன். 1940களின் பிற்பகுதியிலிருந்து காகிதத்துக்கும் நூலுக்கும் சலவைத் தூளுக்கும் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டிகள் இந்த ஒளியில் பளீரென்று நீலமாக ஒளிரும். எங்கள் கப்பலின் காகிதப் பாய்களும் பருத்தி நூல்களும் மங்கலாகவே கிடந்தன; பக்கத்தில் வைத்த என் சட்டைக் கைதான் ஒளிர்ந்தது. ஒளிராததை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வது சரியன்று, ஏனெனில் பிற்காலத்திலும் வெண்மையூட்டி சேராத நூல் கிடைக்கும். ஆயினும் மற்றச் சான்றுகளோடு அது முரண்படவில்லை.

மேல் எல்லையைத் தந்தது ஒரு புகைப்படம். தாத்தாவின் தகரப் பெட்டியில், துரைமார் அவருக்கு எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதங்களுக்கிடையில் அது இருந்தது. பங்களாவின் முன்னறையில் கணப்படுப்புக்கு முன் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அமர்ந்திருக்கிறது. ஓரத்தில் வெள்ளைக் கோட்டோடு அன்றைய அப்பு. அவருக்கும் பின்னால், அப்போது குசினிப் பையனாக இருந்த தாத்தா. பின்புறத்தில் பென்சிலால் கிறிஸ்மஸ் என்றும் 1937 என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. உருப்பெருக்கியை வைத்தபோது, கணப்படுப்பின் மேல்தட்டில் அந்த முக்கோணப் போத்தல் தன் மரத்தாங்கியின் மேல் படுத்திருப்பதும், தாங்கியின் இடது மூலை உடைந்திருப்பதும் தெரிந்தன. இன்றும் அதே மூலைதான் உடைந்திருக்கிறது.

ஆகவே, எங்கள் போத்தல் கப்பல் ஏறத்தாழ 1910க்குப் பின்னும் 1937 முடிவதற்கு முன்னும் செய்யப்பட்டது. பாய்மரக் கப்பலில் வேலை பார்த்த ஒருவர், தாம் அறிந்த கப்பல் வகையைச் செதுக்கியிருக்கிறார். கதைக்கும் இந்தப் புகைப்படம் ஒரு விளக்கம் தருகிறது. அதில் உள்ள துரை, தாத்தாவுக்குப் போத்தலைக் கொடுத்த துரை அல்லர். அவருக்கு முன்னிருந்தவர்களுள் ஒருவர். போத்தல் பங்களாவோடு சேர்ந்த சாமானாக ஒரு துரையிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறி வந்திருக்கிறது. கடைசித் துரை சொன்னதும் அவர் காதில் விழுந்த கதையாகவே இருந்திருக்க வேண்டும். அவர் பொய் சொன்னார் என்று மாமா நினைத்து வருந்த வேண்டியதில்லை என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன்.

இந்தத் தேடலில் என் மனத்தை அதிகம் தொட்டது வேறொன்று. எங்கள் முன்னோர் தொண்டியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தோணியிலும் நீராவிக் கப்பலிலும் கடல் கடந்தவர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள். அவர்கள் வந்த கப்பல்களை யாரும் போத்தலுக்குள் செதுக்கி வைக்கவில்லை. அந்தத் தட்டில் இருந்த பிரித்தானியக் கப்பலின் தூசியைத் தினமும் துடைத்தவர் தாத்தா. துடைத்த அந்தக் கைகளின் கவனத்தால்தான் இன்று மரம் ஒன்றுகூட முறியாமல் நிற்கிறது. பொருளின் வரலாற்றை எழுதும்போது செய்தவருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் எழுதவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படியே ஓர் அட்டையில், கணித்த காலத்தையும் அதற்கான காரணங்களையும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும், மாமா சொல்லும் கதையை அவர் சொல்லாகவும் எழுதி, புகைப்படத்தின் பிரதியோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து தக்கையைத் திறக்காதீர்கள். எங்கள் பக்கத்து மூடுபனியும் ஈரமும் உள்ளே போனால் இரவுக் குளிரில் நீராகப் படியும். பசை இளகும், காகிதப் பாய்களில் பூஞ்சணம் பிடிக்கும். உட்படலத்தைத் துடைக்கக் கம்பியில் பஞ்சைச் சுற்றி விடுவதும் வேண்டாம். மரத்தில் ஒருமுறை பட்டால் போதும். வெளிப்புறத்தை மட்டும் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். வெயில் விழும் சன்னலோரமும் அடுப்பங்கரைச் சுவரும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. யாரிடமாவது காட்டிக் கருத்துக் கேட்பதென்றால் பொருளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகாமல், படமெடுத்து அனுப்புங்கள்: வாய்விளிம்பு, அடிப்பக்கம், தையற்கோடு, அணியத்து நூல்முனைகள், கொடி, ஒவ்வொரு மரத்தின் பாய்கள் என்று தனித்தனியாக, பின்னால் கறுப்புத் துணி வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொடுத்து எடுத்தால் கண்ணாடியில் உங்கள் நிழல் விழாது.